மாலையில் மட்டும் நின்ற ரயில்

ஹில்டா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் புகார் எழுதும் இருக்கையில்தான் இருந்தாள். போன் செத்துவிட்டது, கரகரவென்று சத்தம் வருகிறது, யாரோ பேசுவது நடுவில் கேட்கிறது என்று ஊரே அவளிடம் சொல்லும். அவள் எழுதி லைன்மேன்களிடம் அனுப்புவாள். மறுநாள் 'சரிசெய்யப்பட்டது' என்று ஒற்றை வார்த்தை திரும்பி வரும். என்னதான் கோளாறு என்று கேட்டால், "ஏதோ ஒயர் மேடம்" என்று போய்விடுவார்கள். அந்த 'ஏதோ' என்கிற சொல் அவளுக்கு ஆகவே ஆகாது. ஓய்வு பெற்றபின் சிட்லபாக்கம் வீட்டில் மிக்சி நின்றாலும் கடிகாரம் நின்றாலும், திறந்து பார்க்காமல் யாரிடமும் கொடுக்கமாட்டாள். பாதி சாமான் அதற்குப் பிறகு ஓடியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் ஜோசலின் ஜெர்மனியிலிருந்து பொம்மை ரயில் ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஹில்டா அதைக் கூடத்தில் குடிலைச் சுற்றிப் போட்டாள். மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் காகித மலை, மலையைச் சுற்றித் தண்டவாளம். பக்கத்தில் ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் கைக்கடக்கமான கறுப்பு டிரான்ஸ்பார்மர் பெட்டி. அதில் சிவப்பு விளக்கு எரியும். குமிழைத் திருகினால் ரயில் கிளம்பும்.

காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து அவள் ஓட்டும்போது ரயில் சமர்த்தாக ஓடியது. மாலையில் சபைக்காரர்கள் குடில் பார்க்க வந்தால் மட்டும், இரண்டு சுற்று போய்விட்டு நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். அவர்கள் கேக் சாப்பிட்டுக் கிளம்பியபின் தானாகவே எரியும். மூன்று நாளாக இதே கதை.

"கூச்ச சுபாவம் போலிருக்கு," என்றார் கணவர் ஏசுதாசன். வேறு டிரான்ஸ்பார்மர் வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். ஹில்டாவுக்கு அதில் சம்மதமில்லை. காலையில் இல்லாதது மாலையில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். சீரியல் விளக்கு. அன்று மாலை ஆட்கள் வந்தபோது அதைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாள், அப்படியும் ரயில் நின்றது. பிளக்கை சமையலறைக்கு மாற்றி நீள ஒயர் இழுத்தாள், அப்போதும் நின்றது.

மறுநாள் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் அப்பாதுரையின் ரிப்பேர் கடைக்குப் போனாள். அவன் அதில் ஒரு சின்ன பல்பை மாட்டி எரியவிட்டு, வேறு வேலையைப் பார்த்தான். அவளும் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பல்பு அணையவில்லை.

"பொட்டில ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் கீது," என்றான். பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வெளியே வரும் இரண்டு ஒயர்களின் நுனியையும் ஒன்றோடொன்று தொட வைத்தான். சிவப்பு விளக்கு பட்டென்று அணைந்தது. பிரித்துவிட்டுக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சூடு ஆறி மறுபடியும் எரிந்தது.

"உங்க வூட்லயும் ரெண்டும் எங்கியோ ஒட்டுது. அதான் அது தானா கட் பண்ணிக்குது."

இரண்டு ஒயர்களும் இரண்டு தண்டவாளங்களுக்குத்தான் போகின்றன. அப்படியானால் தண்டவாளங்களுக்கு நடுவே எதுவோ படுத்துக்கொள்கிறது. ஆனால் ஏன் மாலையில் மட்டும்? பஸ்ஸில் வரும்போது அவளுக்கு இதே நினைப்புதான். கண்டக்டர் இரண்டு தடவை ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லித்தான் இறங்கினாள்.

அன்று மாலை யாரும் வரவில்லை. ரயிலை ஓடவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றிச் சுற்றி வந்தது; நிற்கவேயில்லை. அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஏரிக்கரையில் நடந்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்த ஏசுதாசன் ஃபேனைப் போட்டார். ரயில் மலைக்குப் பக்கத்தில் நின்றது.

"ஃபேனை நிறுத்தாதீங்க," என்றாள் ஹில்டா. கன்னம் தரையில் பட, மலைக்குப் பின்னால் தலையை நீட்டினாள். தொழுவத்தின் கூரையில் அவள் சுற்றியிருந்த வெள்ளி ஜிகினாச் சரம், பழைய அலுமினியத் தாளில் செய்தது, நுனி அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடி ஆடி இரண்டு தண்டவாளங்களின் மேலும் குறுக்கே விழுந்தது. ஆள் வந்தால் ஃபேன். ஃபேன் போட்டால் சரம்.

ஃபேனை நிறுத்தச் சொன்னாள். சரம் விலகியது, சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது, ரயில் நகர்ந்தது. மறுபடியும் போடச் சொன்னாள், நின்றது. ஏசுதாசன் ஸ்விட்ச் பக்கத்திலேயே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே. வெட்டிப் போட்டுட வேண்டியதுதானே."

"இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்க."

அவர் போட்டார். பிறகு அவருக்கே ஆவல் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அவள் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்தார்.