இடது பக்கம் இழுத்த கல்யாண வண்டி

போன தை மாதம், காரைக்குடியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. கோவிலூர் போகிற சாலையில் நானும் என் கணவரும் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறோம். டயர் கழற்றி மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. சக்கரங்களை நேர்படுத்துகிற அலைன்மென்ட் மெஷின் என் பொறுப்பு. மெஷின் வாங்கியபோது கம்பெனி ஆள் வந்து பாடம் எடுத்தார். என் கணவர் கொட்டாவி விட்டார், நான் கேள்வி கேட்டேன். அன்றைக்கே அது என்னுடையது ஆகிவிட்டது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்ததும், "அலைன்மென்ட் பண்றவரு இல்லையாம்மா?" என்பார்கள். "உக்காருங்க, வருவாரு" என்று சொல்லிவிட்டு நானே போய் வேலையை ஆரம்பிப்பேன். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அன்று காலை கடை திறந்து, மெஷின்மேல் இருக்கும் மாதா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டே பேர் உட்காருகிற வண்டி. தரையோடு தரையாகக் கிடந்தது. ஓட்டி வந்தது சுடிதார் போட்ட ஒரு பெண். பக்கத்து சீட்டில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, அவர்கள் வீட்டு டிரைவர் குறுகி உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

அந்தப் பெண் என்னிடம் ஆள் எங்கே என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, வண்டி லெஃப்ட்ல இழுக்குது. நாளைக் கழிச்சு எனக்குக் கல்யாணம்."

கதையை நின்றுகொண்டே சொன்னாள். பெங்களூரில் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில், பழைய வண்டியாக வாங்கியது. போன மாதம் அங்கேயே சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கியிருக்கிறாள். அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. காரைக்குடி வந்து சேரும்வரை ஒரு குறையும் இல்லை. வந்த சில நாளில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஊரில் ஒரு இடத்தில் காட்டியதில் ஸ்டீயரிங்கும் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

கல்யாணத்தன்று சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை ஊரான நேமத்தான்பட்டிக்கு அழைத்துப் போவார்கள். அந்தப் பயணத்தை இந்த வண்டியில், தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் ஆசை. மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டவே தெரியாதாம், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. பெரியவர்களும் முனகிக்கொண்டே சரி என்றிருந்தார்கள். ஆனால் வண்டி இழுக்கிறது என்று தெரிந்ததும் அவள் அப்பச்சி, அதாவது அப்பா, கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால், வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் மதுரைக்காரர் நாளைக் காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் அப்பச்சி மேலா, மதுரைக்காரர் மேலா என்று கேட்டால் தெரியாது. இந்த வண்டி என் கடையைவிட்டு நேராகத்தான் போகும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் சோதனை வண்டியை ஏற்றி நிறுத்துகிற ராம்ப்பிலேயே வந்தது. வண்டி இருக்கிற தாழ்வுக்கு முன்பம்பர் ராம்ப்பில் இடித்தது. பக்கத்தில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடை இருக்கிறது. ஓடிப்போய் இரண்டு பர்மா தேக்குப் பலகை கேட்டேன். "தேக்கு மேல டயரை ஏத்தப்போறீகளா? நல்லா இருக்கீக" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பலகைமேல் ஏறி வண்டி பூப்போல ராம்ப்புக்குப் போய்விட்டது.

சக்கரங்களில் சென்சாரை மாட்டி, கோணங்களைத் திருத்தி, ஸ்டீயரிங்கை நேர்படுத்தி முடித்தேன். திரையில் எல்லாம் பச்சை. பெருமையாக அவளையும் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனால், வண்டி பழையபடி இடது பக்கம் போகிறது. "ரோடு சாய்வா இருக்கும்மா" என்று கடைக்குத் திரும்பியதும் என் கணவர் சமாதானம் சொன்னார். மறுபடி போய், ஆள் இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரமாக ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் இடதுதான் இழுத்தது. ரோட்டின் சாய்வு என்றால் அந்த ஓரத்தில் வலது பக்கம் அல்லவா இழுக்க வேண்டும்?

அந்தப் பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பச்சிதான். அவள் எடுக்கவில்லை. என்னையும் அவசரப்படுத்தவில்லை. ஓரமாக நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையை நம்பியது போதும் என்று டேப்பை எடுத்தேன். நான்கு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். முன்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் வண்டி கட்டைவிரல் அகலம் தூக்கலாக நின்றது. கட்டிலில் ஒரு காலுக்கு மட்டும் அட்டை வைத்தது மாதிரி. இப்படி நிற்கிற வண்டியில் கோணத்தை எத்தனை முறை திருத்தினாலும் பாரம் கோணலாகத்தான் இறங்கும்.

இந்த மாதிரி சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குக் கீழே மரை போட்ட வளையம் இருக்கும். அதைத் திருகித்தான் வண்டியை ஏற்றுவதும் இறக்குவதும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற மூன்றிலும் அழுக்கு படிந்திருந்தது. இதில் மட்டும் மரை பளிச்சென்று இருந்தது.

"இதை யாரு திருகினது?" என்று கேட்டேன்.

"யாருமே தொடலையே அக்கா" என்றாள் அவள்.

டிரைவர் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவளைப் பார்த்து, செட்டியார் வீட்டுப் பெண்களை அழைக்கிற முறையில், "நாந்தேன் ஆச்சி" என்றார்.

டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் கணவரும் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பின்வாசக் கல்லு ஒருபக்கம் மேடுல்ல? ஒவ்வொரு தடவை ஏத்துறப்பவும் இங்குட்டு மட்டும் தட்டுச்சு. தட்டுறப்பெல்லாம் ஐயா ஒங்களைச் சத்தம் போட்டாக. கல்யாணப் பொண்ணு பேச்சு வாங்குறதப் பாக்க எனக்கு மனசு தாங்கல. அடியில மரை தெரிஞ்சுச்சு. தட்டுற பக்கத்த மட்டும் லேசாத் தூக்கிவிட்டா ஒரு வம்பும் இல்லைல்லன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணே?"

"சொன்னா வேண்டாம்பீக."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கோபம் வந்த வழியே போய்விட்டது. பாசத்தில் செய்த ரிப்பேரைத் திட்டவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வளையத்தைத் திருகி இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்தேன். கல்யாணத்தன்று வண்டியில் இரண்டு பேர் இருக்கப்போகிறார்கள், அந்தப் பாரத்தோடு பார்ப்பதுதான் முறை. அதனால் அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"மாப்பிள்ளை எவ்வளவு கனம் இருப்பாரு?"

"நம்ம அண்ணன் மாதிரிதான் அக்கா. தொப்பை மட்டும் கொஞ்சம் கூட."

டிரைவர் அண்ணனைப் பக்கத்து சீட்டில் ஏற்றினோம். தொப்பைக்குப் பதிலாக அவர் மடியில் டூல்ஸ் பெட்டியை வைத்தார் என் கணவர். வேலை முடிகிறவரை அந்த மனிதர் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் செய்த பரிகாரம் அது.

வண்டியை இறக்கினால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். அளவுக்கு மேல் சாய்ந்தால் டயரின் உள் ஓரம் தேய்ந்து நார் தெரிந்துவிடும். முதலில் பின்சக்கரங்கள், பிறகு முன்சக்கரங்களின் சாய்வு, கடைசியில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி அவற்றின் முகம் பார்க்கும் திசை. மதியச் சாப்பாட்டையும் மறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரை பச்சையான பிறகும் டேப்பால் ஒருமுறை அளந்துகொண்டேன்.

மறுபடி ரோடு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில், மெதுவாகப் போகும்போது, "கையை லேசா விடுங்க" என்றேன். விட்டாள். வண்டி கோடு கிழித்தது மாதிரி நேராகப் போனது. அவள் ஸ்டீயரிங்கை மறுபடி பிடித்தாள். ஓரமாக நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கை என்று சொல்லியும் விடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அப்பச்சியே கடைக்கு வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். இறங்கியதும் போனை எடுத்து மதுரைக்காரரை வர வேண்டாம் என்று சொன்னார். பிறகு என் கணவரிடம், "நல்ல வேலை. யாரு பாத்தது?" என்று கேட்டார்.

டயர் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இந்தா நிக்கிறாகளே, இவுகதான். எனக்கு அந்த மெஷின்ல சுவிட்சு மட்டும்தான் தெரியும்" என்றார். அவர் என்னை 'இவுக' என்று மரியாதை கொடுத்துப் பேசியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. வெட்கமும் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவர் அண்ணனுக்கு மட்டும் கவலை தீரவில்லை. "பழையபடி வாசல்ல தட்டுமே தங்கச்சி?" என்றார். தேக்குப் பலகை இரண்டையும் அவரிடமே கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர், "கல்யாணம் முடிஞ்சு வரட்டும், நான் என்ன இப்பவே கதவா செய்யப்போறேன்?" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சாயங்காலம் பெண் கிளம்புகிற நேரத்தில் நானும் என் கணவரும் பின்வாசலில் போய் நின்றுகொண்டோம். வாசல் கல்லின் மேட்டை ஒட்டி, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பலகைகள் தயாராக இருந்தன. டிரைவர் அண்ணன் புதுவேட்டியில், "வரட்டும், வரட்டும், அங்குட்டு ஒடிக்காதீக" என்று கை காட்டினார். பட்டுச் சேலையும் மாலையுமாக அவள் வண்டியைக் கொண்டுவந்தாள். எங்கும் தட்டவில்லை.

அந்தத் தெரு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். சனம் இரண்டு ஓரமும் ஒதுங்கி நின்றது. வண்டி நடக்கிற வேகத்தில் எங்களைத் தாண்டியபோது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, மருதாணி சிவந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். மாப்பிள்ளை பயந்துபோய் முன்னால் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். வண்டி நடுத்தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் அதைப் புதுப்பெண்ணின் குறும்பு என்று சிரித்தது. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போதும் கடைக்கு வருகிறவர்கள், "அலைன்மென்ட் பண்றவரு இல்லையாம்மா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். முன்பு மாதிரி உட்காரச் சொல்லி விளையாட எனக்குத் தோன்றுவதில்லை. அந்த விரித்த கைகள் நினைவுக்கு வர, நிமிர்ந்து நின்று, "நான்தாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.