எதிரி பீரங்கியில் எங்கள் பொட்டு

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு இரும்பு ஏணி செய்து கொடுத்திருக்கிறேன். நெட்டுக்குப்பத்தில் புயல் தூக்கி எறிந்த மீன் ஏலக்கூடத்துக் கூரையை ஒரே வாரத்தில் திரும்ப நிறுத்தினேன். தண்டையார்பேட்டையில் ஒரு மாதா கோயில் மணி தொங்குகிற இரும்புச் சட்டம் என் கைவேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேப்பரில் படம் போடத் தெரியாது. தரையில் சாக்பீஸால் கோடு போடுவேன்... அது எழுந்து நிற்கும். "இவனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது என் பட்டறை வாசலில் வந்து காத்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

இந்தப் பக்கத்தில் வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் நான் ஒரு பீரங்கி வண்டி செய்தேன்.

ஆமாம் — சண்டைக்குப் போகிற பீரங்கி வண்டி. சினிமாவுக்கு.

தண்டையார்பேட்டையில் கப்பல் கயிறு, பெயின்ட் எல்லாம் விற்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக எனக்கு அங்கேதான் பெயின்ட். அவருடைய மூத்த பையன் ஆல்வினுக்கு சினிமா பைத்தியம். ராணுவப் படம் எடுக்கப் போகிறேன் என்று நின்றான். அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: "ஒரு படம் எடு. ஓடலைன்னா கடையில வந்து உக்காரணும். பேச்சு மாறப்பிடாது."

ஆல்வின் நேராக என்னிடம் வந்தான். "மேஸ்திரி, ஆர்மி வண்டி வாடகைக்கு எடுக்கற பட்ஜெட் நம்மகிட்ட இல்ல. நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க."

சின்ன பட்ஜெட் என்றால் எவ்வளவு சின்னது? எங்கள் ராணுவத்தில் மொத்தம் பதினோரு பேர். எதிரி ராணுவத்திலும் அதே பதினோரு பேர் — தொப்பியை மாற்றிக்கொண்டு.

செய்தேன். அடியில் பழைய டிராக்டர். மேலே கப்பலில் கழித்த தகடு. குழாய் ஒன்றைப் பார்த்துப் பிடித்து பீரங்கி மூக்கு. சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டை எதில் செய்தேன் தெரியுமா? எண்ணூர் பக்கம் நிலக்கரி ஏற்றிய கன்வேயர் பெல்ட்டில், இரும்புக் கட்டையை போல்ட் அடித்து! ஓட்டிப் பார்த்த அன்று தெருவே வேலையை விட்டு வந்து நின்றது.

காட்டுப்பள்ளி பக்கம் கடற்கரை மணலை எல்லைப் பாலைவனம் ஆக்கி, நான்கே நாளில் சண்டை எடுத்து முடித்தார்கள். வண்டி திரும்பி வந்தது. என் பட்டறையில் இரும்பு சும்மா கிடக்காது. வெட்டினேன்... இரண்டு கேட்டும் ஒரு மாடிப்படியும் ஆயிற்று.

ஒரு மாசம் கழித்து ஆல்வினிடமிருந்து போன். குரலே சரியில்லை. "மேஸ்திரி, எடிட்டிங் ரூமுக்கு வாங்க. உடனே வாங்க."

போனேன். என் கூட பட்டறையின் பெரிய ஃபிட்டர் கஜாவும் வந்தான். இருபது வருஷம் என்னிடம் வேலை செய்கிறவன்.

திரையில் கிளைமாக்ஸ். எதிரியின் பீரங்கி வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. என் வண்டிதான் — என்ன ஒரு கம்பீரம்! அப்படியே திரும்புகிறது. ஆல்வின் படத்தை நிறுத்தினான்.

வண்டியின் முதுகில், கதவுக்கு நேர் மேலே, வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

எதிரி நாட்டு பீரங்கி... பொட்டு வைத்துக்கொண்டு எங்கள் எல்லைக்குள் வருகிறது!

நான் மெதுவாகக் கஜாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா நைனா என்னிய பாக்கற? நம்ம பட்டறைலருந்து எந்த வண்டி பொட்டு இல்லாம கேட்ட தாண்டிக்கீது? எலுமிச்சம்பழம் கூட நாலு வச்சேன்" என்றான்.

"எதிரி வண்டிடா அது!"

"எதிரி வண்டின்னு யாரு சொன்னா? நீ வண்டின்னுதான சொன்ன!"

அவனை என்ன சொல்ல? பெட்டிக்கடை டிரை சைக்கிளுக்கே சந்தனம் வைத்து அனுப்புகிற ஊர் இது. பாலத்துக்கு இரும்புத் தூண் செய்து அனுப்பினாலும் அதற்கும் ஒரு பொட்டு உண்டு. கை பழகிவிட்டது. ஷூட்டிங்கில் முன் பக்கம் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்தவர்கள் பின் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் நம்ம ஊர்க்காரர்கள்தானே... அவர்கள் கண்ணுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

திரும்ப எடுக்கலாம் என்றால் வண்டி இல்லை. கேட்டாகத் தொங்குகிறது. கம்ப்யூட்டரில் அழிக்கலாம் என்றால், புழுதிக்குள் அழித்த இடம் அசிங்கமாகத் தெரிகிறது. அந்த ஷாட்டை எடுத்துவிட்டால் கிளைமாக்ஸே இல்லை.

ஆல்வின் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "முடிஞ்சுது மேஸ்திரி. மொத ஷோலயே சிரிச்சிருவாங்க. திங்கக்கிழம நான் கயிறு அளந்துட்டு இருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்தப் பொட்டின் மேல். அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்: "இன்னாடா இப்போ? அது நம்ம வண்டின்னு சொல்லிடு! எதிரி திருடிகினு போயிட்டான்னு சொல்லு!"

ஆல்வின் தலையைத் தூக்கினான். என்னை அப்படிப் பார்த்தான்... கோயில் மணிச்சட்டம் நிறுத்திய அன்று ஃபாதர் பார்த்தாரே, அந்தப் பார்வை.

யோசித்துப் பாருங்கள். ஹீரோ எதிரி வண்டி மேல் குதித்து, உள்ளே இருப்பவனைத் தூக்கி எறிந்து, வண்டியைத் திருப்புகிறான். இது ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஏன் குதிக்கிறான், தூர இருந்தே குண்டு போடலாமே — இதற்குத்தான் காரணம் இல்லாமல் இருந்தது. இப்போது காரணம் வந்துவிட்டது. அவனுடைய வண்டி! விடுவானா?

ஆல்வின் படத்தின் முதல் பாதியில் ஒயர்லெஸ்ஸில் ஒரு வரி சேர்த்தான்: "நம்ம பீரங்கி வண்டி ஒண்ணு காணோம்." அது அவனுடைய கெட்டிக்காரத்தனம்; இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளைமாக்ஸில், மணல் மூட்டைக்குப் பின்னால் ஹீரோவின் முகம் தெரியாத இடமாகப் பார்த்து டப்பிங்கில் இன்னொரு வரி. அது என்னுடையது.

எல்லாம் செய்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐம்பது வருஷமாகச் சேர்த்த பெயர். ஜனம் சிரித்தால் ஆல்வின் கடைக்குள் போய் ஒளிந்துகொள்வான். நான் எங்கே போய் ஒளிவது? படத்தின் ஆரம்பத்தில் நன்றி என்று என் பெயர் போட்டிருந்தான். எடுத்துவிடு என்றேன். "வேணாம் மேஸ்திரி, இருக்கட்டும்" என்றான். எடுத்தாயிற்றா, எடுத்தாயிற்றா என்று மூன்று தடவை போன் போட்டு எடுக்க வைத்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. எங்கள் பக்கத்து தியேட்டர்தான். எப்போதும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போடாமல், ஒரு கட்டம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கஜா. மூன்றாவது வரிசையில் ஆல்வினுடைய அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

வடசென்னை ஜனத்துக்குப் படம் காட்டுவது சாதாரண வேலையா? ஹீரோ பாலைவனத்தில் தவழ்ந்து போகிறான். முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாமு, இது காட்டுப்பள்ளி மண்ணு! நான் கெளங்கா மீனு புடிச்ச எடம்!"

இடைவேளையில் தேநீர் வாங்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு டிரெய்லர் டிரைவர் சொன்னார்: "ஒரே துப்பாக்கிய வச்சிகினு ஒரு மணி நேரமா சுட்டுகினே கீறான். குண்டு எங்கருந்து வருது, பின்னாடி பைப் கனெக்சன் கீதா?"

குடும்பத்தோடு வந்திருந்த அம்மா ஒருவர் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு: "மீசக்காரன் ஒருத்தன் மூணு வாட்டி செத்துட்டான்பா. பாவம், அவனுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

முன்னாள் ராணுவத்தார் ஒருவர் இருந்தார். இப்போது குடோன் செக்யூரிட்டி. அவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "சல்யூட் கரெக்டா அடிக்கிறான். அது போதும். மிச்சத்த மன்னிச்சுரலாம்."

நல்ல ஜனம்தான்... ஆனால் கேலிக்குத் தயாராக இருக்கிற ஜனம்.

இரண்டாம் பாதி. கிளைமாக்ஸ். புழுதி. என் வண்டி வருகிறது. திரும்பப் போகிறது. கஜா என் முழங்கையைப் பிடித்தான். "நைனா, நான் வெளிய போய் நிக்கட்டா?"

"உக்காருடா!"

வண்டி திரும்பியது. தட்டு அகலத்துக்குப் பொட்டு. எடிட்டிங் ரூமில் பார்த்ததை விடப் பத்து மடங்கு பெரிது!

"டேய்... பொட்டுடா!" முன் வரிசை. சிரிப்பு அங்கே ஆரம்பித்தது. இரண்டாவது வரிசை. ஆல்வினுடைய அப்பாவின் தலை குனிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணுக்குள் ஹீரோவின் குரல் கேட்டது: "முதுகைப் பாருங்கடா... பொட்டு! அது நம்ம வண்டி. வாங்க, ஓட்டிக்கினு வந்துரலாம்!"

அடுத்த ஒரு நொடியில் எனக்கு இன்னும் நாலு வயசு கூடிவிட்டது.

அப்புறம் விசில். ஒன்று இல்லை, தியேட்டர் முழுக்க. கடைசி வரிசையில் தகரத்தைத் தட்டுவது மாதிரி நாற்காலியைத் தட்டினார்கள். "நம்ம வண்டிடா! வுடாத! தூக்கு!" என்று, மூன்று தடவை செத்துவிட்டு இப்போது நம்ம தொப்பியில் ஓடுகிற மீசைக்காரனைப் பார்த்துக் கத்தியது யார் தெரியுமா? பாப்கார்ன் அம்மா!

கண்ணைத் திறந்தேன். முகமெல்லாம் ஈரம். வேர்வை என்று கஜாவிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை; அவன் முகமும் அப்படித்தான் இருந்தது.

ஜனத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். காசு இல்லாததை அவர்கள் மன்னிக்கிறார்கள். மீசைக்காரன் மூன்று தடவை சாவதைக் கூட மன்னிக்கிறார்கள். மூடி மறைக்கிறவனைத்தான் விடமாட்டார்கள். பொட்டை மறைத்திருந்தால் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். எங்களுடையதுதான் என்று சொன்னோம் — தோளில் தூக்கிவிட்டார்கள்.

வாசலில் ஆல்வின் தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தான். படம் பார்க்கத் தைரியம் இல்லாமல் உள்ளே வரவே இல்லையாம். அவன் அப்பா வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "சரில... கடைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான். ஆல்வின் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மைக்கை நீட்டிக்கொண்டு யூடியூப் சேனல்காரர்கள் நின்றார்கள். ஜனம் வரிசையாகக் கருத்துச் சொன்னது.

"அந்தப் பொட்டு மேட்டரு தான் ப்ரோ படமே!"

"டைரக்டரு மூளக்காரன்பா. எப்டி யோசிச்சுக்கிறான் பாரு!"

செக்யூரிட்டி கூட: "டைரக்டருக்கு ஒரு சல்யூட்."

டைரக்டர்... டைரக்டர்... டைரக்டர்! எனக்கு எப்படி இருக்கும்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். "தம்பி, அந்த வண்டிய செஞ்சது நான். அந்த டயலாக் சொன்னதும் நான்."

மைக் பிடித்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: "அப்டியா அங்கிள்? டைட்டில்ல உங்க பேரு வரலியே?"

மூன்று தடவை போன் போட்டது நான்தானே!

திரும்பிப் பார்த்தால் கஜா இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பொட்டு வச்சது நான் தான்பா. அதுக்குன்னு ஒரு அளவு கீது..." என்று பாடமே நடத்திக்கொண்டிருக்கிறான்.

சரி, அவன் பெயரையும் போடட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஆல்வின், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். படம் போனிலும் டிவியிலும் வருவதற்கு முன்னால் ஒரு தனி கார்டு போடு: "பீரங்கி வண்டியும் பொட்டு வசனமும் — திருவொற்றியூர் ஏகாம்பரம்." கஜாவின் பெயர் அதற்குக் கீழே. இந்தத் தடவை மூன்று இல்லை, முப்பது தடவை போன் போடுவேன் — போட வைக்க!