தையலை இழுத்துப் பார்க்கும் ஷர்மிளா அக்கா

கடைக்காரர் விரித்துக் காட்டும் சுடிதாரின் முன்பக்கத்தை ஷர்மிளா அக்கா பார்ப்பதே இல்லை. கைக்கு வந்ததும் உள்பக்கம் திருப்புவார். அக்குள் தையலைக் கட்டைவிரல்களால் பிடித்து ஓர் இழு. பிறகு அதைத் தோளோடு வைத்துக் கண்ணாடி முன் நின்று, பேருந்தில் கம்பி பிடிப்பதுபோல் வலக்கையை உயர்த்துவார். டாப்ஸ் ஏறி இடுப்பு தெரியும்போலிருந்தால், எவ்வளவு அழகானாலும் வேண்டாம். கடைசியாகப் பாக்கெட். "போனை இன்னா, கையிலயே கட்டிக்கினு திரியறதா?"

மண்ணூர்பேட்டையில் எங்களுக்கு அடுத்த போர்ஷன் அவருடையது. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலை. தீபாவளி நெருங்கினால் தெருப் பெண்கள் துணி எடுக்க அவரைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். யாராவது "இது ஃபாரின் பீஸ், அக்கா" என்றால் கழுத்தைப் புரட்டி லேபிளைக் காட்டுவார். "இந்தியான்னு போட்டுகீது பாரு. எஸ்டேட்டு ஃபாரின்னா, நான் டெய்லி ஃபாரின் போய்கினு வரேன்டி!"

போன மாதம் என் தங்கை காவ்யாவுக்குக் காட்டுப்பாக்கத்தில் இன்டர்வியூ. கூலிக்குக் களை பறித்த வீட்டில் நான் முதல் பட்டதாரி, அவள் இரண்டாவது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. ஆன்லைனில் வரவழைத்த நீலக் குர்தியைப் போட்டுக்கொண்டு, காலையில் அக்காவிடம் காட்டப் போனாள்.

"கைய தூக்கு," என்றார் அக்கா. பழக்கதோஷத்தில் ஓர் இழு. சரக்கென்று பிரிந்தது அக்குள்.

மாற்றுக்கிருந்த நல்ல உடுப்பு கொடியில் ஈரமாகத் தொங்கியது. காவ்யா அழுதேவிட்டாள். "எந்தப் பாவி தச்சாளோ!"

"ஏய், தச்சவளத் திட்டாதே. எந்த ஊர்க்காரியோ, இன்னா அவசரத்துல ஓட்னாளோ. சூப்பர்வைசரு தலைமேல நின்னுகினு இருந்திருப்பான். கயட்டிக் குடு."

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "வேன் வந்துடுச்சுக்கா," என்றேன்.

"போவட்டும் நைனா. எனக்குக் காலு கீது. அதுக்கு இன்டர்வியூ கீது."

பிரிந்த பக்கத்தோடு நிற்காமல், பிரியாத பக்கத்துக்கும் தன் வீட்டு மிஷினில் இரட்டைத் தையல் ஓட்டினார். பழைய துப்பட்டாவில் ஒரு துண்டு வெட்டி, பக்கவாட்டில் பாக்கெட்டும் வைத்தார். வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. எஸ்டேட்டுக்கு வேகவேகமாக நடந்தே போனார். அதற்கு நன்றி சொல்ல இன்றுவரை எனக்குச் சரியான வார்த்தை வாய்க்கவில்லை. ஆரம்பித்தாலே "அட, போ நைனா" என்பார்.

சாயங்காலம் காவ்யா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவரிடம்தான் ஓடினாள். ஷிஃப்ட் முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் அக்கா.

"வேலை கெடச்சிடுச்சுக்கா! போவும்போதும் வரும்போதும் நின்னுக்கிட்டேதான். இப்படிக் கம்பியப் புடிச்சிக்கிட்டு!" கையை உயர்த்திக் காட்டினாள்.

அக்கா எழுந்தார். விரல்கள் வழக்கம்போல் அக்குள் தையலுக்குப் போயின. பிடித்தன. ஆனால் இழுக்கவில்லை. மெதுவாக ஒருமுறை தடவிவிட்டு, தோளில் கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டார்.