ரெமியின் பெயரில் வந்தவர்

ஜூலை மாதம் வந்தால் சிவானந்தன் தொலைக்காட்சியை விட்டு எழும்ப மாட்டார். பிரான்சில் நடக்கும் சைக்கிள் ஓட்டம். டென்மார்க்கில் அவர்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டில் பாதிப்பேர் அதைப் பார்க்கிறார்கள், அதில் புதுமை இல்லை. ஆனால் மற்றவர்கள் சைக்கிளைப் பார்ப்பார்கள். அவர் திரையின் அடியில் ஓடும் பெயர்களைப் பார்ப்பார். 'ரெமி' என்று ஒன்று வந்தால் போதும், சாய்ந்திருந்த மனுசன் நிமிர்ந்து உட்காருவார். மகள் சாரங்கி சின்ன வயதிலிருந்தே இதைக் கண்டிருக்கிறாள். ஏனென்று கேட்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவராகவே வாயைத் திறந்தார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், அங்கே கனபேருக்கு இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் சாரங்கி. தேடிச் சொல்வது அவளுக்குக் கைவந்த வேலை. லத்தீனிலிருந்து வந்தது, துடுப்பு வலிப்பவன் என்று அர்த்தம், பழைய காலத்தில் ஓர் அரசனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிஷப்பின் பெயர், எண்பதுகளில் பிரான்சில் ஆண்பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளி வைத்தார்கள், இப்போது குறைந்துவிட்டது என்று டெனிஷில் ஒப்புவித்தாள்.

அவர் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு பேரோ? அப்ப எப்பிடிப் பிள்ளை நான் ஒராளைக் கண்டுபிடிக்கிறது?"

அதற்குப் பிறகுதான் கதை வந்தது. தொண்ணூறாம் ஆண்டு, பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. பக்கத்தில் கோப்பை கழுவியவன் ரெமி மாரிமுத்து, பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்காரன். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவன். தமிழில் ஒரு சொல் தெரியாது, முகம் மட்டும் சிவானந்தனுக்கு அண்ணன் மாதிரி. ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்து, டென்மார்க்குக்குப் போக வழியில்லாமல் நின்றவரிடம் தன் பிரெஞ்சு அடையாள அட்டையை நீட்டினான். போய்ச் சேர்ந்ததும் தபாலில் அனுப்பு என்றான், வேறொன்றும் கேட்கவில்லை.

ஜெர்மன் எல்லை வரை அட்டை காப்பாற்றியது. அங்கிருந்து டென்மார்க்குக்குப் போகும் கப்பலில் டெனிஷ் பொலிசைக் கண்டதும் சிவானந்தன் மேல்தட்டுக்கு ஓடினார். அகதி கேட்கப் போகிறவன் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கக் கூடாது, இருந்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் படிப்பித்திருந்தார்கள். அட்டையை இரண்டாக முறித்துக் கடலில் எறிந்தார். அது தன்னுடையதல்ல என்பது எறிந்த பிறகுதான் உறைத்தது. வெட்கத்தில் கடிதம் எழுதவில்லை. பிறகு எழுத நினைத்தபோது அந்தக் கடையே இல்லை. அட்டையில்லாமல் ரெமிக்கு என்ன நடந்தது? முப்பது வருடத்துக்கு மேலாக அவரை அரித்தது அதுதான்.

தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தும் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிற அப்பாவைத்தான் சாரங்கிக்குத் தெரியும். யாரையாவது எஸ்பியர்க் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். விலாசம் இல்லாதவர்களுக்குத் தன் விலாசத்தைக் கொடுப்பார். "நீங்கள் ஓடுறபடியால்தான் பஸ் இந்தப் பக்கம் வாறேல்லை, அண்ணை" என்று பக்கத்து வீட்டுப் பவளராணி நக்கலடிப்பா. பின் சீட் ஒருநாளும் தனக்குக் கிடைக்கவில்லை என்று சாரங்கி சின்னதில் அழுதிருக்கிறாள். இவ்வளவு படித்தவள், இந்த ஓட்டம் எங்கே தொடங்கியது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

அவள் தேடத் தொடங்கினாள். இணையத்தில் அகப்பட்ட ரெமிகள் முக்கால்வாசிப்பேர் நாற்பது வயதுக்காரர். அறுபது தாண்டிய மாரிமுத்துகளாகப் பொறுக்கி, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் ஐந்து கடிதம் எழுதினாள். மூன்று மாதம் கழித்து ரியூனியனிலிருந்து ஒரு பதில் வந்தது. ஓம், அவர்தான்.

கோபமே இல்லாத கடிதம். நீ கரைசேர்ந்தது சந்தோஷம் என்று எழுதியிருந்தார். கேட்டதால் மட்டும் சொல்கிறேன் என்று ஒரு வரி: புது அட்டை வர ஒரு மாதம் சென்றது, அந்த மாதத்தில் தீவில் அம்மா செத்துப்போனா, விமானம் ஏற முடியவில்லை.

சாரங்கி அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவோம் என்றாள் அவள்.

"தாயின்ர செத்தவீட்டுக்குப் போக விடாமல் செய்துபோட்டு, கடதாசியில துக்கம் விசாரிக்கிறதோ? நேரில போக வேணும்."

விமானச் சீட்டு போட்டார். போகுமுன் நெஞ்சுநோவுக்குக் காட்டப் போனபோது, இதயத்தில் அடைப்பு இருக்கிறது, அவ்வளவு தூரம் பறக்கக் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்க்கலாமாம். உங்களுக்குப் பதிலாக நான் போய்வரட்டோ என்று சாரங்கி கேட்டாள்.

"அட்டையை எறிஞ்சது நான், பிள்ளை."

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த கடிதம் இன்னும் வரவில்லை. ரெமியின் தாயின் சாவுக்கு இந்த வீட்டிலிருந்து இதுவரை ஒருவரும், ஒரு கடதாசியில்கூட, துக்கம் விசாரிக்கவில்லை.