படத்தின் நான்கு மூலைகள்

ஒரு கேமராவின் லட்சணம் தெரிய வேண்டுமா? படத்தின் நடுவைப் பார்க்காதீர்கள். நடுவில் எல்லா லென்ஸும் யோக்கியன்தான். மூலைக்குப் போங்கள். மட்டமான லென்ஸ் என்றால் அங்கே எழுத்து எழுத்தாக இருக்காது, மனித முகம் தண்ணீரில் ஊறிய சோப்பு மாதிரி இருக்கும். இருபத்தொரு வயதில் இதை நான் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பகுதிநேர வேலை. ஒருநாள் கேமரா வியாபாரி ஒருவர் செங்கல் கனத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். பிலிமே கிடையாது. விலையைக் கேட்டதும் என் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கலாம். தைப்பூசம் முடியும்வரை வைத்துப் பாருங்கள் என்று சொல்லி, மாதிரிப் படங்கள் கொஞ்சமும் தந்துவிட்டுப் போனார். பழக்கூடை, அஸ்தமனம், சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்.

"இதுல நம்ம ஆளு ஒருத்தனாச்சும் இருக்கானா, பாருங்க பாஸ்," என்றேன். "பத்துமலையில வெச்சுப் பார்க்கணும். கறுப்புத் தோல், மஞ்சள் துணி, காலை இருட்டு. அங்க தாக்குப் பிடிச்சா எங்கேயும் பிடிக்கும்."

"நீயே போய்ப் பாரு. நம்ம பிலிம் கேமராவையும் தூக்கிக்கோ. ஒரே இடத்துல நின்னு ரெண்டுலயும் எடு. பெருசா போட்டுக் கண்ணாடிக்குள்ள பக்கத்துல பக்கத்துல மாட்டிடுவோம். போறவன் வர்றவன்லாம் நின்னு பார்க்கணும்."

கடையின் கண்ணாடிக்கு முன்னால் போகிறவர் வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் எங்கள் சர்ச் மொத்தமும் கடை வாசலின் அந்த ஐந்தடி நடைபாதையில்தான் நடந்து வரும். அவர்களில் முன்னால் நடப்பவர் அப்பா. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டியில் இருப்பவர், ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். அம்மா பாடகர் குழுவில் முதல் வரிசை. அந்த வீட்டுப் பிள்ளை தைப்பூசத்துக்குப் போகிறான் என்றாலே பேச்சு வரும். வேலை என்பதால் அப்பா விட்டார். "படம் எடுத்தமா வந்தமான்னு இரு," என்றார். அவர்களும் அன்று வீட்டில் இல்லை. கிள்ளானில் அத்தையைப் பார்க்கப் போவதாக அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

விடியும்போது பத்துமலை முருகன் கோயில் படிக்கட்டின் அடிவாரத்தில் ஒரு திண்டின்மேல் ஏறி நின்றேன். கீழே மஞ்சள் வெள்ளம். உறுமி மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. ஒரே லென்ஸை இதிலும் அதிலும் மாற்றி மாற்றிப் போட்டு, மயிலிறகுக் காவடி நேர் நடுவில் வரும்போதெல்லாம் அழுத்தினேன். என் கண் காவடியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் டிஜிட்டல் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு படம் திரையில் மேலிருந்து கீழாக இறங்குவதற்குள் பால் விடாத தே ஓ ஒரு கிளாஸ் குடித்துவிடலாம். இறங்கியதும் அதிர்ந்தேன். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது! கழுவவில்லை, இருட்டறை இல்லை, இதோ இருக்கிறது! அடுத்த நிமிடம் வேறு மாதிரி அதிர்ந்தேன். நிழலில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மொய்த்தன, வெள்ளைப் பூ வெறும் காகிதமாக வெளுத்திருந்தது. இன்னொன்றும் உறைத்தது. நான் நின்ற இடம் ஒன்றே, லென்ஸும் ஒன்றே, ஆனால் படத்தின் ஓரங்களைக் காணோம். பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் சென்சார் பிலிமைவிடச் சின்னது. லென்ஸ் எவ்வளவு காட்டினாலும் அது நடுவில் உள்ளதை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும்.

"அப்ப மூலைய எப்படிடா பார்ப்ப?" என்றார் முதலாளி.

"பிலிம்லதான் பாஸ். லென்ஸோட உண்மை அங்கதான் இருக்கு."

பிலிமைக் கழுவி, இருப்பதிலேயே நல்ல படத்தை எட்டுக்குப் பத்து அங்குல எட்டு ஆர் அளவில் போட்டு எடுத்து வந்தேன். மேசை விளக்கின் கீழ் வைத்து, பூதக்கண்ணாடியை மேல் இடது மூலையில் வைத்தேன். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பு சுத்தமாகத் தெரிந்தது. மேல் வலது மூலையில் ஒரு துணிப் பதாகை, எழுத்தெல்லாம் படிக்க முடிந்தது. சபாஷ் என்று கீழ் வலது மூலைக்கு இறக்கினேன்.

அங்கே என் அம்மா இருந்தார்.

மஞ்சள் புடவை. தலையில் பால்குடம், அதைப் பிடித்த கையில் நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். பொட்டே வைக்காத நெற்றியில் மூன்று விரல் திருநீறு. குனிந்த கண்கள், பாடும்போது திறப்பதுபோல் பாதி திறந்த வாய்.

பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டையில் துடைத்தேன். மறுபடி வைத்தேன். லென்ஸ் பொய் சொல்கிறது என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பினேன். மூலையில் உருவங்கள் இழுபடும்தானே? யாரோ ஒரு அக்காவை இழுத்து என் அம்மாவாக்கியிருக்கலாம். கடிகாரத்தையும் சேர்த்தா இழுக்கும்?

"என்னடா, மூலை எப்படி?" முதலாளி எழுந்து வந்தார். அம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும். என் முழங்கை தானாகப் போய் அந்த மூலையில் உட்கார்ந்தது.

"ஷார்ப்பா இருக்கு பாஸ்."

"எவ்ளோ ஷார்ப்?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன்டா பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? கைய எடு, நானும் பார்க்கிறேன்."

அதற்குள் யாரோ பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார்கள். அவர் நகர்ந்தார். மிச்சம் இருந்தது கீழ் இடது மூலை. பழக்க தோஷம், கண்ணாடியை அங்கே நகர்த்தினேன். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவர், வேதபாடம் வாசிக்கும்போது போடும் அதே முழுக்கை வெள்ளைச் சட்டையில். பையில் பேனா. இரண்டு விரலால் ஒரு ஜோடி செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். அம்மாவின் பழுப்புச் செருப்பு. எல்லோரும் காவடியைப் பார்க்க, அவர் மட்டும் நேராக லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா என்னைப் பார்த்திருக்கிறார்!

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா, "பிலிமெல்லாம் எப்ப கழுவுவ?" என்று கேட்டார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மறுபடியும் கேட்டார். அவருக்குப் போட்டோகிராபியில் ஆசை வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போயிருந்தேன். அம்மா வாரக்கணக்கில் இறைச்சி தொடாமல், "டாக்டரு கொழுப்புன்னு சொல்லிட்டாருடா," என்றதும் ஞாபகம் வந்தது.

படத்தை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலாளி அதற்குள் அளவு சொல்லிவிட்டார். மறுநாளே பெரிதாகப் போட வேண்டும், ஆள் உயரத்தில் பாதி. அந்த அளவில் பூதக்கண்ணாடியே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் மூக்கு நேரே என் அம்மா பால்குடத்தோடு நிற்பார்.

சாப்பாட்டு மேசையில் அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். "படம் எப்படி விழுந்திருக்கு?"

"நடுவுல நல்லா இருக்குப்பா. மூலையிலதான்..."

"எந்த மூலை?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். நான் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மா குனிந்து தன்னைப் பார்த்தார்.

"கத்தாத," என்றார். நான் வாயே திறக்கவில்லை. "காப்பார் ரோட்டுல லோரிக்காரன் உன் மோட்டார இடிச்சுட்டுப் போனப்ப, நீ ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடந்த. சர்ச்சே முழங்கால் போட்டுச்சு. நானும் போட்டேன். ஆனா பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம், 'முருகன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்கக்கா'ன்னா. சொல்லி வெச்சேன். நீ முழிச்சிட்ட. யாரு கேட்டாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்? சொன்ன வார்த்தையக் காப்பாத்த வேண்டாமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் கும்பிடல," என்றார் அவர் அவசரமாக. "செருப்புதான் பிடிச்சேன். அந்தக் கூட்டத்துல கழட்டிப் போட்டா திரும்பக் கிடைக்குமா?"

கடைக் கண்ணாடியில் மாட்டப் போகும் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் முகம் வெளிறியது. கமிட்டியில் இதைப் பேசுவார்கள், வேதபாடம் வாசிப்பதை நிறுத்துவார்கள், அம்மாவைப் பாடகர் குழுவிலிருந்து எடுப்பார்கள். அப்பா தண்ணீர்க் குவளையைத் தூக்கி, குடிக்காமலே வைத்தார்.

அம்மாதான் கேட்டார். "அந்த இன்னொரு கேமரா, பிலிம் இல்லாதது, அதுலயும் நாங்க இருக்கோமா?"

"இல்லம்மா. அதுக்கு ஓரம் தெரியாது. நடுவுல இருக்கிறத மட்டும்தான் பார்க்கும்."

"ரொம்ப நல்ல கேமராலா அது," என்றார் அம்மா. "அதையே வாங்கச் சொல்லு."

அதைக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிந்தது. மறுநாள் முதலாளியிடம் போய்ப் படபடவென்று பேசினேன். ஒரு படத்தில் அகலமாகவும் ஒன்றில் குறுகலாகவும் காட்டினால் அது என்ன ஒப்பீடு? பிலிம் படத்தையும் டிஜிட்டல் அளவுக்கே ஓரம் வெட்டிப் போட்டால்தானே நியாயம்? அதில் பொய் ஒன்றும் இல்லை, இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

"மூலை மூலைன்னு என் உயிர வாங்கினியேடா! இப்ப மூலையவே வெட்டணுங்கிற?"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல பாஸ்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு வெட்டச் சொன்னார். காவடியும் அதைச் சுற்றிய கூட்டமும் மட்டும் இரண்டு தடவை, பக்கத்தில் பக்கத்தில், கண்ணாடிக்குள் ஏறியது. கேமராவை அவர் வாங்கவில்லை. வெள்ளைப் பூ வெளுத்துப் போகிற கேமராவை வைத்துக்கொண்டு கல்யாணத்தில் மாலையை எப்படி எடுப்பது என்று வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் கலைந்து வந்தது. நான் கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். பாஸ்டர் கண்ணாடி முன் நின்றார். பக்கத்தில் அப்பா, அதே முழுக்கை வெள்ளைச் சட்டையில். அம்மா ஒரு அடி பின்னால், பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி. கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"எவ்ளோ கூட்டம் பாருங்க பிரதர்," என்றார் பாஸ்டர்.

"இது என்ன பாஸ்டர்," என்றார் அப்பா இயல்பாக. "போன வருஷம் இதைவிடக் கூட்டம்."

போன வருஷமா? போன தைப்பூசத்தில் நான் லோரி இடித்த கால் கட்டோடு வீட்டில் படுத்திருந்தேன், அவர்கள் அப்போதும் கிள்ளானில் அத்தை வீட்டுக்கு என்று சொல்லித்தான் போயிருந்தார்கள்! கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்டர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"டிவியில காட்டினாங்கல்ல," என்றார் அம்மா பின்னாலிருந்து.