பசை டீச்சரும் வெள்ளைச் சுவரும்

பேசிக்கொண்டே இடது கை விரல்களில் காய்ந்த பசையை வலது கை நகத்தால் உரித்துக்கொண்டிருப்பார். உரித்ததைக் கீழேயாவது போடுவாரா என்றால் அதுவும் கிடையாது. உருட்டி உருட்டி மணியாக்கி மேசை விளிம்பில் வரிசை வைப்பார். வரிசை கோணலாகப் போய்விட்டதென்று திருத்துவார். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டு, வந்த விஷயம் மறந்துவிடும்.

மழலைப் பள்ளியில் கைவேலை டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் பசை டீச்சர். பெற்றோர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "என்ன பசை டீச்சர், சௌக்கியமா?" என்கிறார்கள். பதில் சொல்ல அவர் நின்றால்தானே. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் மாதிரி நடப்பார், நடுவில் சட்டென்று குனிந்து ஒரு பாட்டில் மூடியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

பள்ளிச் சுவரில் பருவத்துக்குப் பருவம் படம் மாற வேண்டும். அதற்கு ஒரு பருவம் முன்னாலேயே வேலை தொடங்க வேண்டும். ஆகவே வெயிலில் மேகம் வெட்டுவார், மழையில் பூ வெட்டுவார். வீட்டுக்காரர் பொறுமைசாலி, ஆனால் வாய் சும்மா இருக்காது. "வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, இவ சோபா பூரா பஞ்சு மேகத்தைப் பரப்பி வெச்சிருக்கா. நான் எங்க உக்காருறது? சாக்ஸ் காயப் போட்டா ஒண்ணுதான் திரும்பி வருது. இன்னொண்ணு முயலாயிடுது" என்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. கோணலாக எதைப் பார்த்தாலும் இந்த அம்மாளுக்கு மனசு கேட்காது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அவர்கள் ஒட்டியதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நெற்றியில் இருக்கும் கண்ணைக் கீழே இறக்குவார், பிய்ந்த காதை ஒட்டுவார், கோட்டுக்கு வெளியே வழிந்த வண்ணத்தை வழித்தெடுப்பார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதற்குக் 'கை குடுக்கிறது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரறிந்த ரகசியம்தான். மறுநாள் பெற்றோர்கள் வந்து, "எங்க பிள்ளையா பண்ணுச்சு!" என்று வாயைப் பிளப்பார்கள், தலைமை ஆசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பசை டீச்சரும் நினைத்திருந்தார்.

இலையுதிர் காலத்துக்கு மரம் செய்தபோதுதான் மாட்டிக்கொண்டார். முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி, டீச்சர் செல்லமாக 'ஓட்டைப்பல்லு' என்று கூப்பிடுகிறவள், இலைகளையெல்லாம் மரத்தடியில் ஒரே குவியலாக ஒட்டிவைத்துவிட்டாள். கிளையில் ஒன்றுகூட இல்லை. பிள்ளை அவசரத்தில் ஒட்டிவிட்டது என்று டீச்சர் மெனக்கெட்டு ஒவ்வொன்றாக உரித்துக் கிளையில் ஒட்டினார். காலையில் சுவருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இது என் மரம் இல்ல."

"உன்னோடதுதான் கண்ணு. டீச்சர் கொஞ்சம் கை குடுத்தேன்."

"என் மரத்துல இலையெல்லாம் கொட்டிடுச்சு." சற்று யோசித்தாள். "அப்ப உங்க பேர எழுதுங்க, டீச்சர்."

அன்றிலிருந்து கைவேலை வகுப்பில் ஓட்டைப்பல்லு இரண்டு கைகளையும் கவுன் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அழுகை இல்லை, அடம் இல்லை. "எனக்கு வராது. நீங்களே பண்ணிடுங்க" என்று மரியாதையாகச் சொல்வாள். வீட்டுக்காரர், "சின்னப் பிள்ளைதானே, மறந்துடும் விடு" என்றார். "மறக்கலைங்க. பாக்கெட்டுலேர்ந்து கைய எடுக்கவே மாட்டேங்குது" என்று டீச்சர் அழுதேவிட்டார். ஒரு பிள்ளையின் கையைத் தானே முடக்கிப்போட்டோம் என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை.

அடுத்து மழைக்கால வரிசை வந்தது. பெற்றோர் வரும் நாளுக்கு முந்தின மாலை, நடைச்சுவர் முழுக்க மேகமும் குடையுமாக நிரம்பிவிட்டது. புதிதாக வெள்ளையடித்த சுவர். தலைமை ஆசிரியை அதைத் தன் சொந்த வீட்டுச் சுவர் மாதிரி காத்துவந்தார். வரிசையில் ஓட்டைப்பல்லுவின் இடம் மட்டும் காலி.

"நீங்களே ஒண்ணு பண்ணி அவ பேரப் போட்டு ஒட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் தலைமை ஆசிரியை. "கடைசியா ஒரு சுத்து வந்து பாப்பேன். காலி இருக்கக் கூடாது."

டீச்சர் செய்யவும் செய்தார். வெள்ளைத் தாளில் அழகான மேகம், நேர் நேராக மழைக்கோடு. பெயரின் முதல் எழுத்தை எழுதியதும் நிறுத்திக்கொண்டார். கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் நீலத்தாள் ஒன்றைக் காலி இடத்தில் ஒட்டினார்.

அம்மா வரத் தாமதமானதால் ஓட்டைப்பல்லு நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். தரையில் வண்ணத் தட்டுகள். டீச்சர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஈரத்துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த மழையெல்லாம் எங்க போகும்?"

"எந்த மழை?"

"பேப்பர்ல பெய்யுதே, அது. பேப்பர் முடிஞ்சதுக்கப்புறம்?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். எல்லா மழையும் தாளின் விளிம்போடு ஒழுங்காக நின்றுபோயிருந்தது. "தெரியலையேம்மா" என்றார். "நான் யோசிச்சதே இல்ல."

ஓட்டைப்பல்லு எழுந்தாள். பாக்கெட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நீலத் தட்டில் மணிக்கட்டு வரை முங்கியது. நீலத்தாளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, பளிச்சென்ற வெள்ளைச் சுவரில், பளாரென்று ஒரு கை வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஒழுகின.

"இங்க வந்து தேங்கும்" என்றாள்.

நடையின் கோடியில் தலைமை ஆசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத்துணியோடு டீச்சரின் கை தானாக உயர்ந்தது. ஓட்டைப்பல்லு அந்தத் துணியைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். நீலக் கை மெல்ல மெல்லப் பாக்கெட்டை நோக்கி இறங்கியது.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. "டீச்சர், என்ன இது?"

டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஈரத்துணி அங்கே முறுக்கேறியது, சொட்டிற்று. பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் பெருவிரலால் நீலத் தட்டைச் சிறுமியின் பக்கம் தள்ளிவிட்டார்.