கரும்பலகையில் ஏழு பெருக்கல் குறி

நான் வகுப்பில் இல்லாத நேரத்தில் யார் பேசினாலும் வகுப்புத் தலைவி அவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அருப்புக்கோட்டையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருடம் இப்படித்தான் அமைதி காத்தேன். அதில் பெருமை வேறு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஆறாம் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பட்டியலில் தினமும் அவள் பெயர்தான் முதலில். ஒருநாள் ஏழு பெருக்கல் குறி. பென்சில் கேட்டால்கூடப் பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும். திமிர் என்று முடிவுகட்டினேன். "இது என்ன சந்தைக்கடையா? இனிமே வாயத் தொறக்கக் கூடாது" என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தேன். அவள் சொன்னபடியே கேட்டாள். வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்கினாள். வாசிக்கச் சொன்னால் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வகுப்பு திருந்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை எழுத இப்போது கூசுகிறது.

பிறகு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையாக அவள் தெருவுக்குப் போனேன். வீட்டுக்கு வீடு விசைத்தறி; காது அடைத்தது. நான் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனவன், ஒரு தறி வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

"வாங்க சார்! காப்பி குடிக்கிறீகளா?" இரண்டு தறிகளுக்கு நடுவிலிருந்து அவள் அம்மா கத்தினார்.

"வேண்டாம்மா."

"சத்தமாச் சொல்லுங்க சார், தறி ஓடுதுல்ல!"

"வேண்டாம்மா!" நானும் கத்தினேன். பெயர், வயது, கதவு எண் எல்லாம் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மாணவி வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நல்லா கணீர்னு பேசுற புள்ள சார். இப்பல்லாம் வீட்லயும் பேச்சக் காணோம். எதுனாலும் வந்து கையப் பிடிச்சு இழுக்கா" என்றார் அம்மா. வேண்டாம் என்று கத்தியும் அவர் நீட்டிய காப்பியை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலையில் கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஏழு பெருக்கல் குறி போட்டேன்.

"நேத்து அவங்க வீட்ல நான் போட்ட சத்தத்துக்கு இது" என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "தறி வீட்ல எப்படிப் பேசுவாங்கன்னு தெரியாமத் திட்டிட்டேன்மா. தப்பு என் மேலதான். நீ எப்பவும் போலப் பேசு" என்றேன்.

அவள் குனிந்தே இருந்தாள். முப்பது வருடத்தில் ஒரு வகுப்பின் அமைதி என்னைப் பயமுறுத்தியது அன்றைக்குத்தான். மெல்ல நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணினாள்.

"ஏழு பத்தாது சார்! ஒம்பது தடவ கத்துனீக!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. பக்கத்து வகுப்பும் சிரித்தது. தலைமையாசிரியை வேகமாக வந்து வாசலில் நின்றார்.

"யாரு இங்க சத்தம் போட்டது?"

"நான்தான் டீச்சர்" என்று கையைத் தூக்கினேன்.